ஏறாத முள்

நான் முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு இன்னும் வெட்கம். கார் ஓட்டக் கற்று ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் பெரிய காஞ்சிபுரத்தில் என்னை விட்டால் டிரைவரே இல்லை என்று நினைப்பு.

அப்போதுதான் ஆரணியிலிருந்து ஆள் வந்தது. என் மாமியார் போய்விட்டார். பொழுது சாய்வதற்குள் எடுத்துவிடுவார்கள். எங்களில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. எடுப்பதற்கு முன் போய்ச் சேர்ந்தால்தான் என் மனைவி தாய் முகத்தைப் பார்க்க முடியும். நூல் கடைக்காரரின் பழைய காரை இரவல் வாங்கி, அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

செவிலிமேட்டுச் சாலையில் பெட்ரோல் போட்டேன். சாவியைத் திருப்பினால் பெட்ரோல் அளவு காட்டும் முள் அடியிலேயே கிடந்தது. அணைத்துவிட்டு இறங்கினேன்.

நான் பட்டு நெய்கிறவன். முதலாளி பட்டும் ஜரிகையும் நிறுத்துத் தரும்போது தராசு முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டோம். தட்டில் வைத்ததும் முள் அசைய வேண்டும், இல்லையென்றால் ஏமாற்று. உலகத்து முள்ளெல்லாம் ஒரே சாதி என்று நம்பியவன் நான்.

"இன்னாபா, முள்ளு ஏறவே இல்ல? காத்தா அடிச்சே?"

"வண்டிய எடுங்க சார், தானா ஏறும்" என்றார் பங்க்காரர்.

"தானா ஏற அது இன்னா அவரைக் கொடியா?"

மறுபடி சாவி. ஒரே பார்வை. முள் அடியில். அணைத்தேன், இறங்கினேன், கத்தினேன். மூன்றாம் முறையும் அதே.

"நேரமாவுது, போலாம் வா" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரும்மா. அளந்து காட்டாம நான் நகர மாட்டேன்."

பாவம், அவர் ரப்பர் குழாய் விட்டு உறிஞ்சியெடுத்து, அளவுப் பாத்திரத்தில் அளந்து காட்டி, திரும்ப ஊற்றினார். அளவு சரியாகத்தான் இருந்தது. வெயில் மேற்கே இறங்கியிருந்தது.

பிற்பாடு ஒரு மெக்கானிக் விளக்கினார். டாங்குக்குள் ஒரு மிதவை. அதன் உயரத்துக்குத் தக்கபடி முள்ளுக்குப் பின்னால் இருக்கும் தகட்டுக்குக் கரண்ட் வரும். தகடு சூடாகி வளைந்தால்தான் முள் நகரும். குலுங்குகிற பெட்ரோலுக்கெல்லாம் ஆடாமலிருக்க அதை மந்தமாகவே செய்திருக்கிறார்கள். நானோ அது சூடாவதற்குள் அணைத்து அணைத்து இறங்கினேன். அன்றைக்குச் சூடானது நான் மட்டும்தான்.

செய்யாற்றைத் தாண்டும்போது முள் நல்ல உயரத்தில் நின்றது.

ஆரணியில் வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள். பெண்கள் தலை முழுகி, ஈரக் கூந்தலோடு உட்கார்ந்திருந்தார்கள். என் மனைவி ஈரத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எதற்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு வைத்திருப்பவன் நான். அந்த ஈரத் தரைக்கு இன்றுவரை ஒன்றும் வரவில்லை.

நான் மட்டும் திரும்பிக் கிளம்பும்போது, ஏதாவது பேச வேண்டுமே என்று அவளிடம் சொன்னேன்: "காரியம் முடிஞ்சதும் கார் எடுத்துக்கினு வந்து உன்ன கூட்டிக்கினு போறேம்மா."

"வேணாம், பஸ்ஸுல வந்துக்கறேன்."