திறக்காத ஃபைல்கள்

எண்பதுகளின் பிற்பகுதியில் நான் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் டைப்பிஸ்ட். எந்த மலையில் எப்போது செடிகளின் கிளை கழித்துக் கவாத்து வெட்டினோம், எங்கே மருந்தடித்தோம் என்ற விவரங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவந்தேன். ஒருநாள் ஈப்போ நகரத்திலிருந்து வந்த கம்ப்யூட்டர் கடைக்காரர் டைப் செய்யும் மென்பொருளை மாற்றிவிட்டுப் போனார். புதியது என் பழைய ஃபைல் எதையும் திறக்கவில்லை.

"அது வேற கம்பெனி சாமான், ஒண்ணும் செய்ய முடியாதாம். திரும்ப டைப் அடிச்சிரு லா, தங்கச்சி," என்றார் ஆபீசின் தலைமை எழுத்தரான பெரிய கிராணி.

"நான் அடிச்சத நானே படிக்க முடியாதாண்ணே?"

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மதிய இடைவேளைகளில் கம்ப்யூட்டரோடு வந்த புத்தகத்தைப் பார்த்து, பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதி, ஃபைலில் இருந்ததை எழுத்தெழுத்தாகத் திரையில் கொட்டிப் பார்த்தேன். என் சொற்கள் அங்கேயேதான் இருந்தன. இடையிடையே அந்தக் கம்பெனிக்கு மட்டும் புரிகிற குறிகள். குறிகளை நீக்கி, எந்தக் கம்ப்யூட்டரும் படிக்கும் வெறும் எழுத்தாகச் சேமித்தேன்.

செய்தி பரவி, பக்கத்து ஊரான கம்போங் ராஜாவில் காய்கறி லாரி ஆபீசில் வேலைபார்த்த ஒருவர் பஸ் ஏறி வந்தார். அவருக்கும் அதே தொல்லை. புரோகிராமை அவருடைய டிஸ்க்கில் போட்டுக்கொடுத்தேன்.

அடுத்த வாரம் திரும்பி வந்தார். "கோவிச்சுக்காதீங்க. பத்தி முடியிற எடத்துல ஒரு எழுத்து விழுந்துபோவுது. ஒங்க புரோகிராம நானே சரிபண்ணிட்டேன்."

ஓட்டிப் பார்த்தேன். சரியாக இருந்தது. இதை இன்னும் யார் யாருக்குக் கொடுக்கலாம் என்று அப்போதே மனம் பரபரக்கத் தொடங்கியது.