மூன்றாம் பத்து

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்குப் பேச வராது. எழுதுவதென்றால் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லி, தம்பி இந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டான்.

மலரின் கடைசிப் பக்கத்தில் குடும்பத்தார் பெயர்கள் இருக்கின்றன. அதைக் கொடுக்கப் போனபோது அச்சகத்துக்காரர் கேட்டார். "ஏனுங்கக்கா, மூத்த மகன்னு போட்டிருக்குதுங்களே, அதுக்கு முன்னால 'காலஞ்சென்ற'ன்னு போடறதுங்களா, வேண்டாங்களா?"

"அம்மாவக் கேட்டுட்டு வாரனுங்க" என்று வந்துவிட்டேன். அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது.

அப்பா பிறந்தது வால்பாறையில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் லைன் வீட்டில். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. மலையிலிருந்து இறங்கி வந்து கோவையில் மில் வேலையில் சேர்ந்தார். துடியலூரில் வாடகை வீடு பிடித்தார். அம்மாவைத் திருமணம் செய்தார். அண்ணன், நான், தம்பி என்று மூன்று பேர் பிறந்தோம்.

எங்கள் வீட்டில் ஐந்து பேர். செபமாலையிலும் ஐந்து பத்து. மற்ற மதத்து நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: ஒருவர் மாதாவை நோக்கிய செபத்தின் முன்பாதியைச் சொல்ல, மற்றவர்கள் பின்பாதியைப் பதிலாகச் சொல்வோம். அப்படிப் பத்து முறை சொன்னால் அது ஒரு பத்து. முதல் பத்து அப்பாவுக்கு, இரண்டாவது அம்மாவுக்கு, மூன்றாவது அண்ணனுக்கு, நான்காவது எனக்கு, ஐந்தாவது தம்பிக்கு என்று அப்பா பிரித்து வைத்திருந்தார்.

மாலை ஏழு மணி என்றால் ஏழு மணிதான். டிவி நின்றுவிடும். விருந்தாளி வந்திருந்தால் அவரும் பாயில் உட்கார வேண்டும். வீட்டில் சண்டை நடந்துகொண்டிருந்தால், "மிச்சத்த செபம் முடிஞ்சு போட்டுக்கலாம், உக்காருங்க" என்பார். முடிந்து எழுந்திருக்கும்போது பாதிச் சண்டை மறந்திருக்கும். இரண்டாம் ஷிப்டு வாரங்களில் மில்லில் மெஷின் ஓரமாக நின்றபடி விரலில் எண்ணிச் சொல்வாராம்.

அண்ணனுக்கு எதிலும் அவசரம். அவன் பத்து வந்தால் காற்றாய்ப் பறப்பான்.

"ஏன்டா, மேட்டுப்பாளையம் பஸ்ஸப் பிடிக்கோணுமா? மாதாவும் உங்கூட ஓடி வரோணுமாட்ட இருக்குது" என்று அப்பா திட்டுவார்.

"வரட்டுங்கப்பா, நடந்தா ஒடம்புக்கு நல்லதுதானுங்க" என்பான். அம்மா சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொள்வார்.

அந்த அண்ணன் லாரியில் கிளீனராகச் சேர்ந்து வடக்கே போனான். வாசலில் நின்று "போயிட்டு வாரனுங்க" என்று சொன்னது என் காதில் இருக்கிறது. லாரி திரும்பி வந்தது. அண்ணன் வரவில்லை. வழியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இறங்கினவன் மறுபடி ஏறவில்லை என்று டிரைவர் அழுதார். அப்பா போலீசில் எழுதிக் கொடுத்தார். மொழி தெரியாத ஊருக்கு அண்ணனின் போட்டோவை எடுத்துக்கொண்டு இரண்டு தடவை போனார். இரண்டு தடவையும் தனியாகத்தான் வந்தார்.

இரண்டாம் தடவை வந்த அன்று ஏழு மணிக்கு உட்கார்ந்தோம். அப்பா பத்து முடிந்தது, அம்மா பத்து முடிந்தது. மூன்றாவதை நான் எடுத்துச் சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "அது அவன் பத்து. அவன் சொல்லட்டும்" என்றார்.

அண்ணன் முன்பாதியைச் சொல்லும் நேரம்வரை பொறுத்திருந்து, அப்பா பதிலைச் சொல்லத் தொடங்கினார். நாங்களும் சேர்ந்துகொண்டோம். மறுபடி மௌனம், மறுபடி பதில். அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. யாரும் சைகை காட்டுவதில்லை. ஆனாலும் எல்லாரும் ஒரே நேரத்தில்தான் பதில் சொல்வோம். அந்த மௌனம் மிகவும் சின்னதாக இருக்கும். அண்ணனின் வேகம் அது. எத்தனையோ நாள் அவன் மூச்சு வாங்குவது எனக்குப் பக்கத்தில் கேட்டிருக்கிறது. திரும்பிப் பார்க்க மட்டும் எனக்குத் தைரியம் வந்ததில்லை.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் அப்பாவிடம் கேட்டார். "ஏனுங்ணா, நடுவால சத்தமே வர்றதில்ல, அப்பறம் எல்லாரும் சேர்ந்து பதில் சொல்றீங்க. யாருக்குங்ணா சொல்றீங்க?"

"பெரியவன் சொல்றானுங்க அம்மணி. நமக்குத்தான் காது கேக்கறதில்ல."

அதற்குப் பிறகு அந்த அக்கா மாலையில் தயிருக்கு உறை மோர் கேட்டு வந்தால், மூன்றாம் பத்து முடியும்வரை வாசலுக்கு வெளியிலேயே நிற்பார்.

அம்மாவுக்கு மட்டும் ஒரு பயம் இருந்தது. உத்தரிக்கிற ஸ்தலத்தில் பாவக்கடன் தீர்த்துக்கொண்டிருக்கும் ஆன்மாக்கள் மோட்சம் சேர வேண்டும் என்று, நவம்பர் மாதம் கோயிலில் இறந்தவர்களின் பெயர்களை வாசித்துச் செபிப்பார்கள். ஒரு வருடம் அம்மா தாங்க முடியாமல் கேட்டுவிட்டார். "ஏனுங்க, அவன் உத்தரிக்கிற ஸ்தலத்துல கெடந்தான்னா? எல்லாரும் அவங்கவங்க ஊட்டு ஆளுகளுக்கு வேண்டிக்கறாங்க. எம்பையனுக்குக் கேக்க ஆளில்லாமப் போயிருமுங்களே."

"உசுரோட இருக்கறவன் பேர அங்க போயி வாசிக்கச் சொல்றியா?" என்று அப்பா கத்தினார். அம்மாவிடம் அவர் கத்தி நாங்கள் கேட்டதில்லை. பிறகு அவரே அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "நாம சொல்ற பதில்லயே ரெண்டும் இருக்குதல்ல. இப்பவும் வேண்டிக்கன்னு சொல்றோம், சாவு நேரத்துலயும் வேண்டிக்கன்னு சொல்றோம். அவன் எங்க இருந்தாலும் ஏதாச்சும் ஒண்ணு போய்ச் சேரும். விடு."

மில் மூடிய பிறகு அப்பா சரவணம்பட்டியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளியாக இருந்தார். ஏழு மணிக்குப் போன் போட்டு முதல் பத்தைச் சொல்வார். மூன்றாம் பத்தில் சத்தம் இல்லாததால் தம்பி மனைவி கல்யாணமாகி வந்த புதிதில் பயந்து, "அலோ, மாமா? லைன்ல இருக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டாள். "இருக்கறன் கண்ணு. அவன் சொல்லிட்டிருக்கறான்" என்று பதில் வந்தது.

வருடங்கள் போகப் போக அந்த மௌனம் நீண்டது. நான் காரணம் கேட்டேன். "அவனுக்கும் வயசாகுதல்ல அம்மணி. இப்பெல்லாம் நிறுத்தித்தான் சொல்லுவான்" என்றார்.

போன வருடத்துக்கு முந்தின மழைக்காலத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் நாள் ஏழு மணிக்கு அவர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தோம். முதல் பத்தில் அப்பாவின் உதடு லேசாக அசைந்தது, சத்தம் வரவில்லை. எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பொறுத்திருந்து பதில் சொன்னோம். அப்பாவின் கண்ணில் நீர் வழிந்தது. அண்ணனுக்காக அவர் எங்களைப் பழக்கியது கடைசியில் அவருக்கே உதவியது.

கடைசி மாலையிலும் அப்படித்தான் செபித்தோம். மூன்றாம் பத்து வந்தது. அத்தனை வருடமும் அந்த மௌனத்தில் இறுக மூடியிருந்த அப்பாவின் உதடுகள் அன்று அசைந்தன. அவருடைய நிதானத்தில் அல்ல, வேகவேகமாக. பஸ் பிடிக்க ஓடுகிறவனைப் போல. எங்களால் பதில் சொல்ல முடியாத வேகம். அம்மா ஒருவர்தான் விடாமல் சொன்னார். விடியும்போது அப்பா போய்விட்டார்.

உடம்பு முடியாமல் பத்துகளைக் குழப்பிக்கொண்டார் என்று தம்பி சொல்கிறான். இருக்கலாம். அண்ணனுடைய வேகம் அப்பாவின் வாய்க்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் பத்து நெருங்கினால் இன்றைக்கும் எனக்குப் பயம்தான். ஆனாலும் உட்காருகிறோம். அப்பாவின் முதல் பத்தை இப்போது நான் சொல்கிறேன். என் நான்காம் பத்தைத் தம்பி மனைவி எடுத்துக்கொண்டாள். என் குரல் சின்னது. "மாதாவுக்குக் கேட்டுரும் அம்மணி, எனக்குத்தான் கேக்கோணும்" என்று அப்பா கேலி செய்வார். அதை நினைத்துக்கொண்டு கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறேன்.

அச்சகத்துக்காரர் கேட்டதை அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னையே பார்த்தார்.

"மூணாம் பத்து நம்மூட்டுல யாருது?"

"அண்ணனுதுங்கம்மா."

"அப்பறம் என்ன கேள்வி? வெறும் பேரப் போடச் சொல்லு."

அப்படியே அச்சிட்டிருக்கிறோம்.

அப்பா படுக்கையில் இருந்தபோது தினமும் வந்து கைகால் நீவிவிட்ட பிசியோதெரபிப் பையனுக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குச் சாமியாருக்கும், கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், அப்பாவைத் தோளில் சுமந்த மில் நண்பர்களுக்கும், எங்கள் பகுதிக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழுவான அன்பியத்தாருக்கும் நாங்கள் என்றும் நன்றியுடையவர்கள்.

இன்று மாலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் செபமாலை. எல்லாரும் வாருங்கள். மூன்றாம் பத்தில் சத்தம் வராது. மறந்துவிட்டோம் என்று நினைத்து யாரும் எடுத்துச் சொல்லிவிட வேண்டாம். கொஞ்சம் பொறுத்திருந்து, எங்களோடு சேர்ந்து பதில் சொல்லுங்கள்.