உயரம் அளந்த ஸ்டெல்லா அக்கா

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி அவருடைய போனிலிருந்தே வந்தது. கார்த்திகை முகூர்த்தக் கூட்டம். திருமுக்கூடல் பக்கத்துக் கல்யாண வீட்டார் என் எதிரில் பட்டுக்கடை மெத்தையில் உட்கார்ந்து, பிரித்துப் போட்ட புடவைகளை விட்டுவிட்டு, அலமாரியில் பிரிக்காமல் இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. திரையில் அக்கா பெயர். மார்கழி டூருக்கு உங்கள் வீட்டில் யார் யார் என்று அவர் என்னை ஒரு வாரமாகக் குடைந்துகொண்டிருந்தார். மச்சினி குடும்பம் வருமா வராதா என்று தெரியாமல் நான் இழுத்துக்கொண்டிருந்தேன். மூச்சு முட்டுகிறது, ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று அவர் அன்று கடைக்கு லீவு சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்துகொண்டும் இதே கேள்விதானா என்று நினைத்து, எதிரில் யார் என்று கேட்காமலே, "அக்கா, கஸ்டமர் இருக்காங்க, சாயந்தரம் கண்டிப்பா சொல்லிடறேன்" என்றேன்.

"நான் அருள் பேசறேன்பா," என்றார் அவர் கணவர். "ஸ்டெல்லா போயிட்டா."

கையில் பாதி பிரித்த புடவை இருந்தது. பெண்ணின் அத்தை முந்தியைக் காட்டச் சொன்னார். காட்டினேன். அது என்ன நிறம் என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. அவர்கள் அதையேதான் எடுத்தார்கள்.

டூர் போகிற குடும்பங்களுக்காக அக்காவைப் பற்றி எழுத வேண்டும் என்று கடையில் பேச்சு வந்தபோது, கடை வாசலில் போர்டு எழுதுகிறவன் என்பதற்காக எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பத்தாவது வரை படித்தவன், 'இன்று முதல் தள்ளுபடி' என்பதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லாதவன். அதோடு ஒரு இடத்தில் உட்காரவும் முடியவில்லை. இந்தப் பத்தியை எழுதுவதற்குள் டூர் வேன்காரருக்கு இரண்டு தடவை போன் செய்துவிட்டேன். அவரும் இரண்டு தடவையும் "வரேன் சார், வரேன்னு சொன்னேனே" என்றார்.

ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்து எங்கள் பட்டுக்கடை பில் கவுண்டரில் உட்கார்ந்த அக்காவை வாடிக்கையாளர்கள் கொஞ்சம் கடுகடு என்றுதான் அறிவார்கள். டூர் போன எங்களுக்குத்தான் இன்னொரு ஸ்டெல்லா அக்காவைத் தெரியும். மார்கழியில் நல்ல காரியத்துக்கு யாரும் புடவை எடுப்பதில்லை. பிள்ளைகளுக்கும் அரையாண்டு லீவு. ஆகவே நாங்கள் எல்லாரும் குடும்பத்தோடு தீம் பார்க்குக்குப் போக வருஷத்தில் கிடைப்பது அந்த ஒரு நாள்தான். ஊரில் மற்றவர்கள் சித்திரை வெயிலுக்குப் போய் விழுகிற தண்ணீரில் நாங்கள் மார்கழிக் குளிரில் பல் தந்தியடிக்க இறங்குவோம்.

முதல் வருஷம் போனதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நைலான் துணி இல்லாமல் தண்ணீருக்குள் விடமாட்டோம் என்று பார்க்கில் நிறுத்திவிட்டார்கள். நாங்கள் துணிக்கடைக்காரர்கள். ஊருக்கெல்லாம் எதற்கு எந்தத் துணி என்று சொல்கிற கூட்டம் முழுக்கப் பருத்தியில் வந்து நிற்கிறது. பாதி ஆண்கள் ஐயப்பனுக்கு மாலை போட்டு, கறுப்பு வேட்டியில், செருப்பில்லாமல். "சாமி, நீங்க இறங்குங்க", "இல்ல சாமி, நீங்க முதல்ல" என்று அவர்கள் கரையிலேயே ஒருவரை ஒருவர் உபசரித்துக்கொண்டு நின்றார்கள். வெளிச்சாப்பாடும் அவர்களுக்கு ஆகாது. மத்தியானம் வரை பட்டினி. அடுத்த வருஷத்திலிருந்து அக்கா, மாலை போட்ட ஒருவர் வீட்டிலேயே சமைக்கச் சொல்லித் தனி டப்பாவாகக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். "சாமிக்கு ஒரு டப்பா, ஆசாமிக்கு ஒரு டப்பா, மாத்தி எடுத்தா நான் பொறுப்பில்ல" என்று வேனில் எழுந்து நின்று அறிவிப்பார். கிறிஸ்துமஸ் கேக்கை அவர் தருவதும் மாலை கழற்றிய பிறகுதான். அதுவரை சாமிகளின் பங்கு அவர் வீட்டு ஃபிரிட்ஜில் காத்திருக்கும்.

அந்த முதல் டூரில் நடந்த இன்னொன்றில் நான்தான் கதாநாயகன். ஆளை உயரத்தில் தூக்கிப் போய்க் கவிழ்க்கிற பெரிய ராட்டினத்துக்கு என் மகன் தினேஷ் வெயிலில் வெகுநேரம் வரிசையில் நின்றான். முனைக்குப் போனதும், சுவரில் போட்டிருந்த கோட்டுக்குத் தலை எட்டவில்லை என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். நான் போய் அந்த ஆளிடம் சண்டை போட்டேன். "சார், நேத்துதான் இவனுக்கு முடி வெட்டினேன், இல்லனா எட்டியிருப்பான்" என்றேன். என் சார்பில் எனக்குத் தோன்றிய ஒரே நியாயம் அதுதான். வரிசையே சிரித்தது. தினேஷ் ஸ்ரீபெரும்புதூர் வரை அழுதுகொண்டு வந்தான். அவன் அழுததில் பாதி என்னால் என்று என் மனைவி இன்றும் சொல்கிறாள்.

அடுத்த வருஷம் மார்கழி பிறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, அக்கா எல்லாப் பிள்ளைகளையும் கடைக்கு அழைத்து வரச் சொன்னார். துணி அளக்கிற இரும்பு மீட்டர் கோலை எடுத்து, கவுண்டர் பக்கத்துத் தூணில் ஒவ்வொருவராக நிறுத்தி அளந்தார். பார்க்குக்கே போன் போட்டு எந்த ராட்டினத்துக்கு எவ்வளவு உயரம் என்று கேட்டு வைத்திருந்தார். நீ இதில் ஏறலாம், நீ அதில் ஏற முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். சின்னதுகள் கடையிலேயே அழுதன. எனக்குக் கோபம் வந்தது. லீவு விடுவதற்கு முன்னாலேயே ஏன் அக்கா அழவைக்கிறீர்கள், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளக்கூடாதா என்றேன்.

"இன்னாபா குமாரு, அங்க எல்லாரும் சிரிச்சிக்கினு இருக்கும்போது இது மட்டும் அழுதுக்கினு நிக்கணுமா? இங்கன்னா நாம கூட இருக்கிறோம்" என்றார்.

பிறகு வருஷாவருஷம் அப்படித்தான். அழுத பிள்ளைகள் டூர் நாளுக்குள் சமாதானமாகி, தங்களுக்கான ராட்டினம் எது என்று தெரிந்து, அதை நோக்கி நேராக ஓடும். அவர் மகள் ஜெனிக்கும் சலுகை கிடையாது. அவள் வருஷாவருஷம் அந்தப் பெரிய ராட்டினத்துக்குக் கொஞ்சம் குறைவாகவே இருந்தாள். போன வருஷம் குதிகாலைத் தூக்கியபோது அக்கா கோலாலேயே காலில் தட்டினார்.

இந்த வருஷம் ஆடியிலேயே அக்கா வேன் பேசிவிட்டார். டூர் வாட்ஸ்அப் குழுவில் அவர் கடைசியாகப் போட்ட குரல்பதிவு, யாரும் பிள்ளைகளுக்குப் புதுச் செருப்பு வாங்கிவிடாதீர்கள், புதுசு கடித்தால் நாளே கெட்டுவிடும் என்பது. அதற்குக் கீழே நாங்கள் ஆளாளுக்குக் கட்டைவிரலைக் காட்டியிருந்தோம். பிறகு இரங்கல் செய்திகள். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. வேனை வேண்டாம் என்று சொல்லவும் ஆளில்லை, வேண்டும் என்று சொல்லவும் ஆளில்லை. நான் அருள் அண்ணனிடம் போனில் மெல்லக் கேட்டேன். "நீங்க போய்ட்டு வாங்கபா, எங்கள விட்டுடுங்க" என்றார். ஜெனி அழவே இல்லை, அடக்கத்திலும் அழவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது என்றும் சொன்னார். அவர்களை விட்டுவிட்டு எப்படிப் போவது? டூரை நிறுத்திவிடலாம் என்று நாங்களும் முடிவுக்கு வந்துவிட்டோம். முடிவு செய்த பிறகும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மடித்த புடவையையே திரும்பப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, கவுண்டர் டிராயரில் இருந்த அக்காவின் ஸ்வெட்டரையும் டிபன் டப்பாவையும் வாங்கிப் போக அருள் அண்ணன் வந்தார். ஜெனியும் வந்தாள். அவர் டிராயரில் தேடிக்கொண்டிருக்கும்போது அவள் தூணில் முதுகை ஒட்டி நின்று, "மாமா, இந்த வருஷம் யாரையும் அளக்கலியா?" என்று கேட்டாள்.

கோலை எடுத்துவர வேறு யாராவது அசைவார்கள் என்று பார்த்தேன். யாரும் அசையவில்லை. நானே எடுத்தேன். அளந்தேன். இரண்டு விரல் குறைந்தது. எங்கள் சீனியர் சுந்தரம் அண்ணன் அவளுக்குப் பின்னால் நின்று, எட்டிவிட்டது என்று சொல்லிவிடு என்று கண்ணைக் காட்டினார். எனக்கும் ஆசைதான். அம்மா போன பிள்ளையிடம் இதுவும் உனக்கு இல்லை என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் பார்க்கில் சுவரோரம் நின்று உயரம் பார்க்கப்போகிறவன் சுந்தரம் அண்ணன் அல்ல. அவனுக்கு இவள் யார் என்று தெரியாது.

"ரெண்டு விரல் பத்தலமா," என்றேன்.

"பின்னல அமுக்கிட்டு அளந்தீங்களா? திரும்ப அளங்க மாமா."

திரும்ப அளந்தேன். அதே இரண்டு விரல். சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். பிறகு தூணிலேயே சரிந்து உட்கார்ந்து அழுதாள். போன வருஷத்து அழுகை இல்லை அது. வெகுநேரம் அழுதாள். அருள் அண்ணன் ஓடிவந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார், அவரும் அழுதார். வாசலில் செருப்பைக் கழற்றிய வாடிக்கையாளர்கள் மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எங்கள் முதலாளி அவர்களைக் கூப்பிடவில்லை.

நான் கோலைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு முட்டாள் உண்டா என்று என்னையே திட்டிக்கொண்டு நின்றேன். அழுகை தணிந்ததும் ஜெனி அம்மாவின் ஸ்வெட்டரில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அப்படியானால் தனக்கு எந்த ராட்டினம் என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. டூருக்கு வரப்போகிற பிள்ளைதான் உயரம் பத்தவில்லை என்று அழும். அருள் அண்ணனும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "வேன் எத்தினி மணிக்குபா?" என்றார்.

எனக்குத் தெரியாது. அது அக்காவுக்குத்தான் தெரியும். அன்றிலிருந்து நான் வேன்காரருக்குப் போன் செய்துகொண்டே இருக்கிறேன்.

நண்பர்களே, அக்காவின் சாமர்த்தியம் எனக்கு வராது. யாருக்கு எந்த டப்பா, யாருக்கு ஜன்னலோரம், யாருக்கு வாந்தி வரும் என்பதெல்லாம் உங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் செய்யப்போகிறேன். எரிச்சல்படாமல் போனை எடுங்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளையின் முகத்தைப் பார்த்து, முன்கூட்டியே, உள்ளதைச் சொல்லிவிட்டு, அது அழுது முடிக்கும்வரை அங்கேயே நிற்பது. எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வேலை. மிச்சப் பிள்ளைகளை இந்த ஞாயிற்றுக்கிழமை கடைக்கு அழைத்து வாருங்கள்.