நாலு விரல் கேஸ்

வெந்நீரை ஊற்றி, உள்ளங்கையால் தடவிப் பார்த்து, சிலிண்டருக்குள் எவ்வளவு கேஸ் மிச்சம் என்று சொல்லத் தெரிந்தவருக்கு, பக்கத்தில் நின்ற மகளின் முகத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாமலா போயிருக்கும்?

எழுபதுகளின் நடுவில், மீனாட்சிபுரத்தில் எனக்கு எட்டு வயது. அப்பா ஓர் ஆஸ்பத்திரி வண்டியின் டிரைவர். மலைத்தோட்டங்களில் குழந்தைகளுக்கு ஊசி போடப் போகும் வண்டி அது. உள்ளே ஒரு வீடே இருந்தது. டாக்டரம்மாவுக்கும் நர்ஸுக்கும் இரண்டு படுக்கை, கை கழுவும் தொட்டி, அலமாரி, இரண்டு பர்னர் வைத்த கேஸ் அடுப்பு. எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் இல்லாத அடுப்பு. அதில்தான் ஊசிகளைக் கொதிக்க வைப்பார்கள்.

கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டங்களுக்குப் போனால் வண்டி திரும்ப இருபது நாள் ஆகும். பிறகு இரண்டு நாள் எங்கள் மாட்டுக் கொட்டகைக்கு அப்பால் நிற்கும். அந்த இரண்டு நாளிலும் அப்பாவுக்கு அந்தச் சின்ன சிலிண்டரின் மேல்தான் கவனம். வெந்நீரை அதன் பக்கவாட்டில் ஊற்றி, மேலிருந்து கீழாகத் தடவுவார். சூடு முடிந்து எந்த இடத்தில் கை குளிர்கிறதோ அதுவரை கேஸ் இருக்கிறது. அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுவார். “எனக்குக் காய்ச்சல் வந்தப்பக்கூட இப்படித் தொட்டுப் பாத்ததில்லீங்க,” என்பார் அம்மா. அப்பா சிரித்துக்கொண்டே அடுத்த செம்புத் தண்ணீருக்குக் கை நீட்டுவார்.

ஒருமுறை மலையில் கேஸ் தீர்ந்துபோய், எட்டாம் நாளே வண்டி திரும்பிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வாசலில் அப்பா. அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு கணக்குப் போட்டு வைத்துக்கொண்டேன். கேஸ் தீர்ந்தால் அப்பா வருவார்.

அந்த வருடம் ஆடி நோம்பிக்கு அப்பா இருக்கமாட்டார் என்று தெரிந்தது. எல்லா வீட்டிலும் மரத்தில் தூரி கட்டி ஊஞ்சலாடுவார்கள். எங்கள் புளியமரத்தில் மட்டும் வெறும் கிளை. சனிக்கிழமை மதியம் அப்பா எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தூங்கினார். அம்மா பால் ஊற்றப் போயிருந்தார். நான் வண்டிக்குள் ஏறி அடுப்பின் இரண்டு திருகுகளையும் திறந்துவிட்டேன். நாற்றத்தில் தலை சுற்றியதால் ஜன்னல்களையும் கதவையும் திறந்துவைத்துவிட்டு, கொட்டகையில் எருமையோடு உட்கார்ந்துகொண்டேன். சாயங்காலம் மூடினேன். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே. இருபதடி தள்ளி அம்மாவின் விறகடுப்பு கனன்றுகொண்டிருந்தது. அப்பா பீடி குடிக்கிறவர். இப்போது என் வீட்டு ரெகுலேட்டரை நாளுக்கு மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறேன். என் கணவர் கேலி செய்கிறார். அவருக்குக் காரணம் தெரியாது.

திங்கள் விடியலில் அப்பா மறுபடி வெந்நீர் ஊற்றினார். கை, சனிக்கிழமை காலையில் போட்ட கோட்டைத் தாண்டிக் கீழே போய்க்கொண்டே இருந்தது. அடியில் நாலு விரல் உயரம்தான் குளிர்ச்சி. சோப்பு நுரையைக் குழாய் நெடுகத் தடவி, ஒவ்வொரு இணைப்பிலும் குமிழி வருகிறதா என்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை. வாஷரைக் கழற்றிப் பார்த்து மாட்டினார். அம்மாவிடம் கேட்டார். பிறகு என்னிடம்.

“கண்ணு, வண்டிக்குள்ள போனியா?”

“இல்லீங்கப்பா.”

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “என்ற கைதான் அன்னிக்குப் பொய் சொல்லிருச்சாட்ட இருக்குது,” என்று சாக்பீஸ் கோட்டைத் துணியால் துடைத்தார். வேறு சிலிண்டர் வேண்டுமென்றால் கோயம்புத்தூர் போகவேண்டும், ஒரு நாள் போய்விடும். பொள்ளாச்சியில் டாக்டரம்மா காத்திருந்தார், தோட்டங்களுக்கும் நாள் சொல்லியாகிவிட்டது. இருப்பதை வைத்துச் சமாளிக்கலாம் என்று கிளம்பிவிட்டார்.

ஆறாம் நாள் வந்தார். நோம்பிக்குத் தூரி கட்டினார். நான் கேட்கும்போதெல்லாம் ஆட்டிவிட்டார். ஊரிலேயே உயரமாக ஆடியது நான்தான்.

பெரியவர்கள் பேசிக்கொண்டதை அப்புறம்தான் கேட்டேன். இரண்டாவது தோட்டத்திலேயே கேஸ் தீர்ந்திருக்கிறது. ஆடி மழையில் விறகு நனைந்து, புகைந்ததே தவிர எரியவில்லை. கைக்குழந்தைகளோடு மலை ஏறி வந்த பெண்கள் மதியம் வரை சாக்கைப் போர்த்திக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்களாம். டிரைவர் சரியாகப் பார்க்கவில்லை என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். பார்த்தேன் என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டி வேறொருவர் கைக்குப் போனது.

அப்பா கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். நான் ஆசைப்பட்டது அப்படியே கிடைத்தது. ஆனால் தெற்கே ஆனைமலைமேல் மேகம் இறங்கினால், பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு அங்கேயே பார்த்துக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் திரும்ப நேரமாகும். அந்த வண்டிதான் அப்பாவைக் கொண்டுபோகிறது என்று நினைத்திருந்தேன். போவது அவருக்குப் பிடித்திருந்தது என்பதும், எங்களைப் போலவே அங்கேயும் அவரை வழி பார்த்தவர்கள் இருந்தார்கள் என்பதும் அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

இருபது வருடம் கழித்து, இப்போது என் மகளைத் தூக்கிக்கொண்டு ஊசி வரிசையில் நிற்கும்போது, அந்தச் சாக்கு போர்த்திய பெண்கள் நினைவுக்கு வருகிறார்கள். அவர்களில் எத்தனை பேர் மறுமுறை வந்தார்கள் என்று யாரிடம் கேட்பது? அப்பா எங்களோடுதான் இருக்கிறார். பேத்தியைத் தூங்கவைப்பது அவர் வேலை. அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருந்தால், எனக்காக இத்தனை காலம் காத்த மௌனத்தை நான் கலைக்கவேண்டுமா? தெரியாதென்றால், தன் கை தப்பிவிட்டது என்றே இத்தனை காலம் நம்பிக்கொண்டிருக்கிறார். சொன்னால் நிம்மதி அவருக்கா, எனக்கா என்பதும் விளங்கவில்லை. பெற்றவர்களிடம் இப்படி ஒன்றைக் காலம் தாழ்த்திச் சொன்னவர்கள் உங்களில் யாராவது இருந்தால், சொல்லலாமா, எப்படி ஆரம்பிப்பது என்று எனக்கு எழுதுங்கள்.