காதர் பாயின் தூக்க மாத்திரை

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே, என் பார்மசி சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுக் கடைச் சுவரில் மாட்டினார் முதலாளி. எழுபதுகளின் கடைசி. மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப். சட்டப்படி மருந்து கொடுக்க வேண்டியவள் நான். ஆனால் வந்தவர்கள் எல்லாம் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "மாணிக்கண்ணே இல்லையா?" என்றுதான் கேட்டார்கள்.

மாணிக்கம் எனக்கு முன்பிருந்தே கவுண்டரில் நிற்பவர். எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவார். "என்னா மதினி, மூட்டுவலி தேவலையா?" என்பார். டாக்டர் சீட்டு கேட்க மாட்டார். நான் கேட்பேன். அதனால் அவருக்கு ரம்ஜானுக்கு நோன்புக் கஞ்சி வரும், சித்திரையில் மாம்பழம் வரும். எனக்கு முகச்சுளிப்பு வரும். ஒருமுறை ஒரு அம்மா நான் நீட்டிய மாத்திரையை வாங்காமல், "அண்ணே குடுக்கட்டும், அவருக்குக் கைராசி" என்றார். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொடுக்கிற கை

காதர் பாய் பக்கத்துத் தெருவில் பாத்திரக்கடை வைத்திருந்தார். மனைவி மவுத்தான பிறகு அவருக்குத் தூக்கம் போய்விட்டது. முதலில் சீட்டோடுதான் வந்தார். பார்பிட்டுரேட் வகை மாத்திரை. அந்தக் காலத்தில் தூக்கத்துக்கு அதைத்தான் எழுதுவார்கள். சீட்டில் எழுதிய நாள் முடிந்த பிறகும் மாணிக்கம் கொடுத்துக்கொண்டே இருந்தார். அந்த மாத்திரை பழகப் பழகப் பழைய டோஸ் பத்தாது. ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். பாயின் பேச்சு குழற ஆரம்பித்தது. பகலில் கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கினார்.

"அண்ணே, சீட்டு இல்லாம இதைக் குடுக்கக் கூடாது" என்றேன்.

"அந்த மனுசன் விடிய விடிய முழிச்சுக் கெடக்காரு. ஒனக்கு என்னா தெரியும்? படிச்சா மட்டும் பத்தாது தங்கச்சி, எரக்கம் வேணும்" என்றார் மாணிக்கம்.

கடையில் நின்றவர்கள் தலையாட்டினார்கள். முதலாளியும் சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது.

மாணிக்கம் இல்லாத வாரம்

மகள் கல்யாணத்துக்காக மாணிக்கம் உசிலம்பட்டிக்குப் போனார். அந்த வாரத்தில் ஒரு காலை காதர் பாய் வந்தார். சட்டை வேர்வையில் நனைந்திருந்தது. கை நடுங்கியது.

"மாத்திரை தீந்து ரெண்டு நாளாச்சு தங்கச்சி. சும்மா நிறுத்திப்புடலாம்னுதான் பாத்தேன். முடியல. ஒடம்புக்குள்ள எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு. குடும்மா."

"தினம் எம்புட்டு போடுறீங்க பாய்?"

அவர் சொன்ன கணக்கில் எனக்குத் திக்கென்றது. "வாங்க, டாக்டர்கிட்டப் போவோம்" என்றேன். அவர் மேலிருந்த பரிதாபத்தில் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. மாணிக்கத்தின் லட்சணம் ஒரு டாக்டர் வாயால் வெளியே வரட்டும் என்ற ஆசையும் இருந்தது.

எதிர்ச்சாரியில்தான் கிளினிக். பெஞ்சில் உட்கார வைத்ததும் பாயின் கண் மேலே சொருகியது. உடம்பு விறைத்து, வெட்டி வெட்டி இழுத்தது. டாக்டர் ஓடி வந்தார். ஒருக்களித்துப் படுக்க வைத்து ஊசி போட்டார். வலிப்பு நின்ற பிறகுதான் பேசினார்.

"இம்புட்டு மாத்திரைக்குப் பழகின உடம்பு இது. திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் இழுக்கும். உயிரே போயிருக்கும். கூடப் போட்டாலும் ஆபத்து, மூச்சு அடங்கிரும். கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைக்கணும்."

ஆசுபத்திரியில் சேர்த்து, வாரக்கணக்கில் டோஸைக் குறைத்தார்கள். விஷயம் கேட்டு முதலாளி வெலவெலத்துப் போனார். இனிமேல் தூக்க மாத்திரை அலமாரிச் சாவி என்னிடம்தான் என்றார். ஊரிலிருந்து திரும்பிய மாணிக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "நல்லதுதான் செய்யுறேன்னு நெனச்சேன் தங்கச்சி" என்றார். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

இளைத்துத் தெளிந்த முகத்தோடு காதர் பாய் கடைக்கு வந்தார். கையில் புது எவர்சில்வர் குடம். நான் எழுந்து நின்றேன். அவர் நேராக உள்ளே போய் மாணிக்கத்தைக் கட்டிக்கொண்டார்.

"மகளுக்குக் கல்யாணச் சீர் மாணிக்கம். நான் வர முடியலப்பா" என்றார். வெளியே வரும்போது என்னைப் பார்த்து, "தங்கச்சி, தலவலி மாத்திரை ஒண்ணு குடும்மா. அதுக்கும் சீட்டு கேப்பியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். தூக்க மாத்திரைக்குச் சீட்டு கேளுங்கள். வெகுநாள் போட்டவரை வெறுங்கையோடு திருப்பியும் அனுப்பாதீர்கள், டாக்டரிடம் கொண்டுபோய் விடுங்கள். கேட்டவுடன் கொடுத்தவரைத்தான் ஜனங்கள் கொண்டாடுவார்கள். அதைப் பார்த்து வயிறு எரியும். எரிந்தாலும் அலமாரியைத் திறக்காதீர்கள். காதர் பாய் அதற்குப் பிறகு பேரன் பேத்தி எடுத்தார். எல்லா விசேஷத்துக்கும் முதல் பத்திரிகை மாணிக்கத்துக்குத்தான்.