சபையில் நான் எழுந்து சொன்னது

எங்கள் சபை ஞாயிற்றுக்கிழமைகளில் கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கூடும். தரையில் பட்மின்ரன் கோடுகள் இருக்கும். நான் முந்திப் போய் அந்தக் கோடுகளை ஒட்டிக் கதிரைகளை வரிசையாகப் போடுவேன். அந்த வேலையை நானாகவே கேட்டு வாங்கினேன். கதிரை போடுகிறவனை யாரும் சாட்சி சொல்லக் கூப்பிடமாட்டார்கள் என்று நினைத்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் பார்த்தால் எனக்கு வாய் வராது. வேலையும் அப்படித்தான் அமைந்தது. வெயர்ஹவுசில் பெட்டிகளை ஏற்றி இறக்க வேண்டும், பெட்டிகளோடு கதைக்க வேண்டியதில்லை. சபைக்கு என்னைக் கூட்டிப்போனவள் மனைவி. அங்கே பிரசங்கம் எதில் தொடங்கினாலும் கர்த்தருடைய இரண்டாம் வருகையில்தான் வந்து நிற்கும். கொள்ளைநோய் வந்தது, யுத்தம் வந்தது, எல்லாம் அடையாளங்கள் என்று பாஸ்டர் சொல்வார். எக்காளம் ஊதும், ஆயத்தமாய் இருக்கிறவர்கள் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள், மற்றவர்கள் கைவிடப்படுவார்கள். நானும் நம்பினேன். ஆனாலும் திங்கள் ஷிப்டுக்கு அலாரம் வைத்துவிட்டுத்தான் படுப்பேன்.

சாட்சி என்பது எங்கள் சபையில் பெரிய காரியம். விரும்பியவர்கள் எழுந்து கர்த்தர் தங்களுக்குச் செய்ததைச் சொல்வார்கள். விசா கிடைத்தது, கட்டி கரைந்தது, பிள்ளை தங்கியது என்று. கர்த்தருக்குத் தாங்கள் செய்யப்போவதையும் சிலர் சொல்வார்கள். அது பொருத்தனை. சபையின் காதில் விழுந்துவிட்டால் பிறகு மாற்றக்கூடாது. ஏழு வருடம் நான் ஒரு சாட்சியும் சொல்லவில்லை.

மகளுக்குப் பதினெட்டு வயதில் மருந்தாளர் படிப்புக்கு இடம் கிடைத்தது. வேறு நகரத்தில் பல்கலைக்கழகம். எங்கள் இரண்டு பக்கத்திலும் அந்த அளவுக்குப் படித்தவர்கள் இல்லை. பரீட்சைப் பெறுபேறு வந்த கிழமையின் ஞாயிறு, இதற்கு நன்றி சொல்லவாவது எழும்ப வேண்டும் என்று முடிவெடுத்தேன். பஸ்ஸில் போகும்போதே, சொல்ல வேண்டியதை மூன்று வசனமாக்கிப் பாடமாக்கினேன்.

அன்றைக்குப் பாஸ்டர் நோவாவின் காலத்தைப் பற்றிப் பிரசங்கித்தார். வெள்ளம் வரும் நேரத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்தவர்களைப் போல நாங்களும் நாலு வருடம், ஐந்து வருடம் என்று படிப்புக்குத் திட்டம் போடுகிறோமாம். யாரிடம் ஐந்து வருடம் இருக்கிறது என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பிச் சிரித்தார். அவர் தமிழ்நாட்டுக்காரர், பகிடி நன்றாக வரும்.

"பிரதர் வாய் திறக்கிறதுக்கு முன்னாடி கர்த்தர் வந்துருவார் போலிருக்கே."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். நான் எழுந்துவிட்டேன். எல்லா முகமும் திரும்பியது. பாடமாக்கிய மூன்று வசனமும் போய்விட்டன. சற்றுமுன் கேட்ட பிரசங்கம் மட்டும் தலைக்குள் நின்றது.

"என்ர மகளுக்குக் கம்பஸ் கிடைச்சிருக்கு. அவள் போகமாட்டாள். கர்த்தர் வரும்வரைக்கும் இந்தச் சபையில ஊழியம் செய்வாள்."

ஸ்தோத்திரம் என்று மண்டபமே அதிர்ந்தது. பாஸ்டர் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். பயத்தில் சொல்லிவிட்டேன் என்று மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அது பாதிதான் உண்மை. கம்பஸ் கிடைத்ததைச் சொன்னபோது தலைகள் ஆடின. என் பேச்சுக்குத் தலைகள் ஆடி நான் கண்டதில்லை. இன்னும் ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வீட்டில் மனைவி கேட்டாள், "ஆரைக் கேட்டுச் சொன்னனீங்கள்?" மகள் அழவில்லை. லண்டனில் பிறந்தவள், தாயோடு ஆங்கிலமும் தமிழும் கலந்து பேசுவாள், என்னோடு தமிழ் மட்டும். "அப்பா, நீங்கள் அதை உண்மையா நம்புறியளோ?" என்றாள். "ஓம்" என்றேன். வேறென்ன சொல்ல? சபையில் சொல்லியாயிற்று. அவள் லாப்டொப்பைத் திறந்து, இடம் வேண்டாம் என்று அழுத்தினாள். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் மனோர் பார்க்கில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். மருந்துகளை உள்ளே நிற்கும் மருந்தாளர் பார்த்துப் பையில் போடுவார். இவள் பெயரைக் கூப்பிட்டுப் பையைக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் கீபோர்ட் வாசிப்பாள், சின்னப் பிள்ளைகளுக்கு வேதபாடம் எடுப்பாள்.

மூன்றாம் வருடம் பாஸ்டரின் மகள் பல் வைத்தியம் படிக்கப் போனாள். சபையில் கேக் வெட்டினார்கள். கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் வந்தார். அதுவும் ஐந்து வருடப் படிப்புத்தானே பாஸ்டர் என்று மெதுவாகக் கேட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை.

"கர்த்தர் வர்ற வரைக்கும் பல்லு வலிக்கத்தானே செய்யும், பிரதர்?"

என் கேக் துண்டைத் தின்று முடித்தேன். அவரைத் திட்டிப் பயனில்லை. அவர் பொதுவாகப் பிரசங்கித்தார். என் பிள்ளையைக் கொடுத்தவன் நான்.

அந்தக் கிழமையே மகளிடம் திரும்ப விண்ணப்பம் போடச் சொன்னேன். அவள் என்னைக் குழப்பத்தோடு பார்த்தாள். பொருத்தனையை முறிக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த வருடங்களில் என் நம்பிக்கை கரைந்துபோனது. அவளுடையது வளர்ந்திருந்தது. சபை கேட்கக் கட்டியதைச் சபை கேட்கத்தான் அவிழ்க்கலாம் என்றால், சபைக்கே சொல்லிவிடுவோம் என்று நினைத்தேன். அதற்குத் துணிய எனக்கு இன்னும் ஒரு வருடம் எடுத்தது.

போன பங்குனியில் ஒரு ஞாயிறு எழுந்தேன். நான் அன்றைக்குச் சொன்னது பிழை என்று தொடங்கினேன். அடுத்த சொல் உடைந்து வந்தது. யாராவது தழுதழுத்தால் ஆவியானவர் தொட்டுவிட்டார் என்று சபை துதிக்கத் தொடங்கும், அது வழக்கம். ஸ்தோத்திரம் எழும்பியது. கீபோர்டும் எழும்பியது. "என்ர பிள்ளையைப் படிக்க விடுங்கோ" என்று நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. பாஸ்டர் என் தலையில் கை வைத்து, மனந்திரும்பிய மகனுக்காக ஜெபித்தார். கூட்டம் முடிந்ததும் பலர் வந்து கைகொடுத்தார்கள்.

பஸ்ஸில் மகள் என் பக்கத்தில் இருந்தாள். மனைவி முன் இருக்கையில் இருந்தாள்.

"நீங்கள் சொன்னது எனக்குக் கேட்டது, அப்பா."

"பிறகேன் வாசிச்சனீ?"

"வாசிக்காட்டி எல்லாருக்கும் கேட்டிருக்கும்."

யன்னல் பக்கம் திரும்பினாள். பிறகு, என்னைப் பார்க்காமலே, "அவர் வாறார் எண்டுதான் இந்த நாலு வருஷத்தையும் குடுத்தனான். வரமாட்டார் எண்டு இப்ப எனக்குச் சொல்லாதையுங்கோ. என்னால ஏலாது" என்றாள்.

மனைவி திரும்பிப் பார்க்கவில்லை. அழுகையில் தோள்கள் மட்டும் அசைந்தன.

அதன் பிறகு நான் எழும்பவில்லை. இப்போதும் கதிரை போடுகிறேன். மற்றவர்கள் கண்ணை மூடி ஆண்டவரே சீக்கிரம் வாரும் என்று ஜெபிக்கும்போது நானும் ஜெபிக்கிறேன். நம்பிக்கை இருந்த காலத்தில் இவ்வளவு கெஞ்சியதில்லை. அவர் வராவிட்டால் என் மகளின் முகத்தைப் பார்த்து நான்தான் பதில் சொல்ல வேண்டும்.