தத்தேயோ தூக்கும் அரை ஸ்வரம்

எழுதாததைப் பாடுகிறவன் எழுதியவனுக்குத் துணையா, இடைஞ்சலா? இத்தாலியின் த்ரெவீசோ பேராலயத்தில் பாடகர் தலைவரான எர்கோலே இந்தக் கேள்வியோடுதான் தினமும் பாடகர் மேடைக்குப் படியேறுகிறார். கேள்வி அவருக்கு முன்பே மேலே வந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டிருக்கும்.

அந்த மேடையில் பாடும் தத்தேயோவுக்கு அறுபது வயதிருக்கும். பாடகர்கள் எல்லோருக்கும் ஒரே பெரிய தோல் புத்தகம்தான். தோள் உரச நின்று பார்த்துப் பாட வேண்டும். அதற்காக அவர் காலையில் பச்சைப் பூண்டு தின்பதை விட்டுவிடவில்லை. "குரலுக்கு நல்லதுப்பா" என்பார். யார் குரலுக்கு என்று சொல்வதில்லை. பக்கத்தில் நிற்பவர்கள் மூச்சை அடக்கிப் பழகியதில், எவ்வளவு நீண்ட வரியையும் ஒரே மூச்சில் பாடிவிடுகிறார்கள்.

வெனிஸில் இப்போது பாட்டை அச்சடித்தே விற்கிறார்கள். "அச்சுல போட்டா தப்பும் ஊரெல்லாம் ஒண்ணா வரும்" என்பதற்கு மேல் தத்தேயோ அதைப் பற்றி யோசித்ததில்லை.

புத்தகத்தில் இருப்பதைப் பிசகில்லாமல் பாடுவார். தொல்லை, இல்லாததில். வரி முடியும்போது கடைசிக்கு முந்தைய ஸ்வரத்தை அரை ஸ்வரம் தூக்கிப் பாடுவது பாடகர் வழக்கம். யாரும் அதை எழுதுவதில்லை. எழுதினால், இதுகூடத் தெரியாத கழுதைகளா நாங்கள் என்று கோபித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் இடம் பார்த்துத் தூக்குவார்கள். தத்தேயோ சாவு வீட்டிலும் விடமாட்டார். "செத்தவர நான் அரை ஸ்வரம் தூக்கிவிட்டா, மேல இருக்கறவருக்கு அவ்வளவு வேலை மிச்சம்" என்று ஒரு விதவையிடமே சொன்னார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள்.

ஈஸ்டருக்கு எர்கோலே புதிய பூசைப்பாடல் எழுதினார். அதன் கடைசி வரி, 'எங்களுக்குச் சமாதானம் தாரும்.' அது முடிவது தத்தேயோவின் குரலில். அங்கே கடைசிக்கு முந்தைய ஸ்வரம் தூக்கப்படாமல் தாழ்ந்தே நிற்க வேண்டும். அந்த ஓரிடத்துக்காகவே குளிர்காலம் முழுக்க எழுதியிருந்தார்.

"அண்ணே, அந்த எடத்துல மட்டும் தூக்காதீங்க."

"ஏன் வாத்தியாரே, பாரம் உம்ம தலையிலயா விழுது?"

"அது சமாதானம் கேக்கற எடம். நீங்க தூக்கினா கெடச்சுட்ட மாதிரி ஆயிடுது."

"கெடச்சா நல்லதுதானே? உமக்கென்ன நஷ்டம்?"

ஒத்திகைகளில் ஒவ்வொரு முறையும் தூக்கினார்.

ஈஸ்டர் காலையில் எர்கோலே துணிந்துவிட்டார். பூசைக்கு முன் புத்தகத்தைத் திறந்து, அந்த ஸ்வரத்தின் பக்கத்தில், தூக்காதே என்பதற்கான சிறு குறியைக் கரித்துண்டால் போட்டார். இதைவிடச் சிறிய அவமானத்துக்கே தத்தேயோ பாதிப் பாட்டில் இறங்கிப் போனவர். அவர் போனால் கடைசி வரியைப் பாட ஆளில்லை.

அந்தப் பக்கம் வந்தது. தத்தேயோ குறியைப் பார்த்தார். மற்றவர்கள் தத்தேயோவைப் பார்த்தார்கள். எர்கோலே கூரையைப் பார்த்துத் தாளம் காட்டிக்கொண்டிருந்தார். தன் குரலுக்கு வந்த ஓய்வில் தத்தேயோ கட்டைவிரலை எச்சிலில் தொட்டு, அந்தக் குறியை நிதானமாகத் தேய்த்து அழித்தார். விரலை அங்கியில் துடைத்துக்கொண்டார். பிறகு, இன்றுவரை காரணம் சொல்லாமல், அந்த ஸ்வரத்தை எர்கோலே எழுதியிருந்தபடியே தாழ்வாகப் பாடி முடித்தார்.